ஹெக்டரின் இதயத்துக்கு ஒரு தேதி

“அந்த மருந்து உனக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும் தாத்தா?” என்று ஏழு வயது மோராக் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

ஹெக்டர் மெக்லெல்லன் உப்பிட்ட காட் மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். “ஆறு மணி நேரம். அதுக்குள்ள அதோட உசுரு பாதி போயிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“நீ அதுக்காக எவ்வளவு நேரமா காத்துக்கிட்டிருக்க?”

“ஜூன் மாசத்துலேர்ந்து.”

அது நவம்பர். மோராக் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஐந்து மாதத்தில் எத்தனை ஆறு மணி நேரம் என்பது இரண்டாம் வகுப்புக் கணக்கில் வராது. விரல்கள் தீர்ந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஹெக்டரின் மனைவி ஃப்ளோரா, “உருளைக்கிழங்கு ஆறுது, தின்னு” என்றாள்.

எங்கள் கரையில் அந்த வருடம் அணு மருத்துவத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி. அதைக் கேட்க வேண்டிய அலுவலகம் மட்டும் அந்த மேசையில் இல்லை.

ஜூனில் ஹெக்டர் சிங்கி இறால் கூண்டுகளை இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சின்மேல் யாரோ நங்கூரத்தை இறக்கியதுபோல் இருந்தது. ஊர் மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், தாளில் கோடுகளை ஓட்டிப் பார்த்தார், பிறகு சொன்னார்: “இதயத்தை ஒரு படம் எடுக்கணும். கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிற மருந்தை ஊசியில போடுவாங்க. ரத்தம் எங்க போகுது, எங்க போகலைன்னு அது காட்டிக் குடுக்கும். அந்தப் படம் இல்லாம ஹாலிஃபாக்ஸ் பெரியாஸ்பத்திரியில எந்தச் சர்ஜனும் உங்களைத் தொட மாட்டாங்க.”

“அதுவரைக்கும் இது தாங்குமா?”

“அதைச் சொல்லத்தான் அந்தப் படம்.”

ஹெக்டரின் மகள், மோராக்கின் அம்மா, நாட்டின் மறுகோடியில் ஆல்பர்ட்டாவில், எண்ணெய் வயல் முகாமில் சமையல் வேலை செய்தாள். வருடத்தில் இரண்டு முறை வருவாள். மோராக்கின் காலணிக் கயிற்றைக் கட்டுவதிலிருந்து பள்ளிப் பேருந்துக்குக் கையாட்டுவதுவரை ஹெக்டர்தான். அதனால் அந்தப் படம் அவருக்குத் தேவைப்பட்டது. வேறு பெரிய காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

படம் எடுக்குமிடம் புனித ஃபில்லன் மருத்துவமனை. அதற்குத் தேதி கொடுக்குமிடம் ஒருங்கிணைந்த சந்திப்பு ஒதுக்கீட்டு மையம். இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இருந்தன. அவற்றுக்கிடையே எல்லாத் தொடர்பும் ஃபேக்ஸ் வழியாக நடந்தது.

மையம் மின்னஞ்சலை ஏற்காது, பாதுகாப்புக் காரணம். தொலைபேசியில் சொன்னால் ஏற்காது, தெளிவின்மைக் காரணம். கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஏற்காது. அதற்குக் காரணம் எழுதப்படவில்லை. மருத்துவரின் செவிலியர் ஹெக்டரின் பரிந்துரையை ஃபேக்ஸில் அனுப்பினாள். மையத்து இயந்திரத்தில் தாள் இல்லை. மறுவாரம் அனுப்பினாள். அவசரத்தில் தாள் மறுபுறமாகப் போய், மையத்துக்கு வெற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மையம் அந்த வெற்றுப் பக்கத்தைக் கோப்பில் வைத்து, “நோயாளியின் பெயர் தெளிவாக இல்லை” என்று பதில் அனுப்பியது. மூன்றாவது முறை எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் படிவம் பழையது. புதிய படிவத்தில் அதே கேள்விகள்தாம். மேலே இருந்த மருத்துவமனைச் சின்னத்தில் மட்டும், இடப்பக்கம் சாய்ந்திருந்த இலை இப்போது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நான்காவது முறை ஏற்கப்பட்டது. அப்போது ஆகஸ்ட் முடிந்திருந்தது.

அடுத்து மையம் நோயாளியைத் தொலைபேசியில் அழைக்கும். ஒரே ஒரு முறை. எண் தெரியாது, திரையில் ‘மறைக்கப்பட்ட எண்’ என்று வரும். எடுக்காவிட்டால் நோயாளி தேதியை மறுத்துவிட்டார் என்று பொருள்.

அந்தக் கோடையில் எங்கள் பங்கு ஆலயத்தில் ஃபாதர் டூகல் பூசை முடிவில் ஓர் அறிவிப்புச் செய்திருந்தார்: மறைத்த எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்காதீர்கள், முதியவர்களை ஏமாற்றுகிறார்கள். பங்கு மக்கள் கீழ்ப்படிதல் உள்ளவர்கள்.

செப்டம்பரில் ஒரு காலை தொலைபேசி அடித்தது. ஹெக்டர் கை நீட்டினார்.

“எடுக்காத” என்றாள் ஃப்ளோரா. “பேரன் ஜெயில்ல இருக்கான்னு பக்கத்து வீட்டு ஜேனட்டை இப்படித்தான் ஏமாத்தினாங்க. அவ ஒரு மணி நேரம் அழுதா.”

“அவளுக்குப் பேரனே இல்லையே.”

“அதைத்தான் சொல்றேன். எவ்வளவு கெட்டிக்காரனுங்க பாரு.”

மணி ஓய்ந்தது. பத்து நாளில் கடிதம் வந்தது: ‘வழங்கப்பட்ட சந்திப்பைத் தாங்கள் மறுத்துவிட்டதைக் குறித்துக்கொண்டோம். தங்கள் முடிவை மதிக்கிறோம்.’ அந்த மாதம் எங்கள் பங்கில் பதினான்கு பேரின் முடிவுகள் இப்படி மதிக்கப்பட்டன. அவர்களில் ஒருவர், எலும்புப் பரிசோதனைக்குக் காத்திருந்த ஃபாதர் டூகல். அடுத்த ஞாயிறு அவர், எல்லா அழைப்புகளையும் எடுங்கள் என்று அறிவித்தார். மோசடிக்காரர்களுக்கு அது நல்ல வாரமாக அமைந்தது.

இரண்டாவது தேதி தபாலில் வந்தது. கடிதத்தில் அக்டோபர் மூன்று என்றிருந்தது. பரிசோதனை ஒன்பதாம் தேதி. கடிதம் வந்து சேர்ந்தது பதினைந்தாம் தேதி. பதினாறாம் தேதி இன்னொன்று வந்தது: ‘தாங்கள் வரவில்லை. தங்கள் பெயரில் வரவழைக்கப்பட்ட மருந்து தங்களுக்காகக் காத்திருந்து பயனற்றுப்போனது. இதற்காக வருந்துகிறோம்.’ மீண்டும் தேதி பெற வேண்டுமானால், வருகைப் பொறுப்புணர்வுப் பயிலரங்கு ஒன்றில் அவர் கலந்துகொள்ள வேண்டும்.

“யாருக்காக வருத்தப்படறாங்க?” என்றார் ஹெக்டர்.

“மருந்துக்காக” என்றாள் ஃப்ளோரா. “உனக்காக வருத்தப்பட அவங்ககிட்ட படிவம் இல்லை போல.”

பயிலரங்கு நவம்பர் கடைசியில் நடந்தது. பதினேழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் ஆக்சிஜன் குழாயோடு வந்திருந்தார்கள். மையத்தில் நோயாளிகளின் வரிசையைக் கவனிக்கும் ‘நோயாளி ஓட்ட மேலாளர்’ திருமதி ஸ்ட்ரிக்லண்ட் நடத்தினாள். அவள் கெட்டவள் அல்ல. எல்லோருக்கும் தன் கையால் ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். ஹெக்டர் வீட்டில் குழந்தை இருப்பதாகச் சொன்னபோது ஒரு துண்டைத் தாளில் சுற்றித் தனியாகவும் கொடுத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

“நம்ம துறையில சராசரிக் காத்திருப்பு பதினோரு நாள். மாகாணத்துலயே இதுதான் குறைவு. போன மாசம் இதுக்காக ஒரு கேடயம் குடுத்தாங்க.”

ஹெக்டர் கை தூக்கினார். “நான் ஜூன்லேர்ந்து காத்திருக்கேன்மா.”

“இல்லைங்க. நீங்க காத்திருக்கல” என்றாள் அவள் அன்பாக. “தேதி குடுத்த பிறகுதான் காத்திருப்பு தொடங்கும். அதுக்கு முன்னாடி இருக்கிறது முன்-காத்திருப்பு. அதை நாங்க அளக்கறதில்லை. அளந்து சொன்னா ஜனங்க மனசு கஷ்டப்படும்.”

“சரிம்மா.”

“இன்னொரு நல்ல சேதி. இந்த இலையுதிர் காலத்துல மட்டும் பட்டியல்ல முப்பத்தொரு பேர் குறைஞ்சிருக்காங்க.”

ஆக்சிஜன் குழாய் வைத்திருந்த ஒருவர் கேட்டார்: “முப்பத்தொரு பேருக்கும் பரிசோதனை முடிஞ்சுதா?”

“பட்டியல் குறைஞ்சுது.”

“அவங்க எங்க போனாங்க?”

“பட்டியலை விட்டு வெளியே போனாங்க.” திருமதி ஸ்ட்ரிக்லண்ட் சற்று யோசித்து, உண்மையான பணிவோடு சொன்னாள்: “நாங்க பட்டியலுக்குத்தான் பொறுப்பு. அதுக்கு வெளியே நடக்கிறதுக்கும் நாங்கதான்னு பெருமை பேசினா அது சரியில்லை.”

கடைசியில் எல்லோர் சட்டையிலும் ஒரு வில்லை குத்தப்பட்டது. ‘நான் வருவேன்’ என்று அதில் எழுதியிருந்தது. ஊசி குத்தியபோது ஹெக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேறு காரணம். யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரி பதினான்குக்குத் தேதி கிடைத்தது. கடிதம் முன்னதாகவே வந்தது. ஹெக்டர் அதை மூன்று முறை படித்தார். பரிசோதனைக்கு முந்தைய இருபத்துநாலு மணி நேரம் காஃபின் உள்ள எதையும் உட்கொள்ளக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

“அது என்னது?” என்றார்.

“காப்பியில இருக்கிறது” என்றாள் ஃப்ளோரா. “நகரத்து ஜனங்களுக்கு எழுதினது. நமக்கு ஒண்ணுமில்லை.”

எங்கள் கரையில் காப்பி குடிப்பவர்கள் குறைவு. தேநீரை யாரும் ஒரு பானமாகக் கருதுவதுமில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அது நடக்கும்; கோட்டைக் கழற்றுவது போல. அடுப்பின் பின்பக்கத்தில் பானை காலையிலிருந்து கறுத்துக்கொண்டே இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் யாரோடு சண்டை என்று கேட்பார்கள்.

அன்று காலை ஹெக்டர் வீட்டில் இரண்டு கோப்பை குடித்தார். மோராக்கைத் தன் தங்கை சேடி வீட்டில் விட்டபோது ஒன்று. அங்கே சேடியின் கணவர், “ஆஸ்பத்திரிக்குப் போறவனுக்கு இன்னொண்ணு ஊத்து” என்றதால் மற்றொன்று. ஒன்றரை மணி நேரம் பனியில் வண்டியோட்டி மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது, அங்கே ஒரு மேசை போட்டு, தொண்டு மகளிர் சங்கத்தைச் சேர்ந்த வயதான பெண்மணி ஒருவர் தேநீர்க் கெண்டியோடு நின்றிருந்தார். ‘இதய நோயாளிகளை வரவேற்கிறோம்’ என்று துணியில் பூவேலை செய்து மாட்டியிருந்தது.

பரிசோதனை அறையில் பேசில் கூத்ரோ இருந்தான். படம் எடுக்கும் தொழில்நுட்பர். நாற்பது வயது, தூக்கமில்லாத கண்கள். விடியுமுன் ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்த ஈயக் குடுவை மேசைமேல் இருந்தது. அதில் ஹெக்டர் மெக்லெல்லன் என்று சீட்டு ஒட்டியிருந்தது. தன் பெயரை ஹெக்டர் இரண்டு முறை படித்தார்.

“காப்பி குடிச்சீங்களா?” பேசில் படிவத்தைப் பார்த்துக் கேட்டான்.

“என் ஆயுசுல குடிச்சதில்லை.”

பேசில் குறித்துக்கொண்டான். “சாக்லேட்? கோலா? டீ?”

“டீ குடிச்சேன்.”

பேனா நின்றது. “எத்தனை?”

“இன்னைக்கு மட்டுமா?”

“ஆமாம் ஐயா.”

“நாலு. அஞ்சாவது உங்க வாசல்ல.”

பேசில் கண்ணை மூடிக்கொண்டான். இதயத்தைத் தூண்டிவிடும் இன்னொரு ஊசி உண்டு. தேநீர் உள்ளே இருந்தால் அது வேலை செய்யாது. படம் பொய் சொல்லும். இதை அவன் பொறுமையாக விளக்கினான். பிறகு, “அந்த மேசையை எடுக்கச் சொல்லி அஞ்சு வருஷமா எழுதிக்கிட்டிருக்கேன்” என்றான். “அது எங்க துறைக்குக் கீழ வரல. வரவேற்பு அனுபவக் குழுவுக்குக் கீழ வருது. அந்தக் குழு இன்னும் கூடல.”

ஹெக்டர் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த எண்பது வயது நெருங்கிய மனிதர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ யாரு மகன்?”

“பெரிய ரோரியோட மகன். தெற்குக் கரை.”

“பெரிய ரோரியா? எங்கப்பாவுக்கு ஒரு படகு குடுத்தாரே. ஓட்டையோட.”

“ஓட்டையைத் தனியா குடுக்க முடியாதுன்னு சேர்த்துக் குடுத்திருப்பாரு.”

கிழவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பெயர் ஆல்டன் பூட்லியர். பழைய சுரங்கத் தொழிலாளி. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அதே இதயப் பரிசோதனைக்குத்தான் வந்திருந்தார். கடிதத்தில் ஜனவரி பதினான்கு. கணினியில் பிப்ரவரி இருபத்தாறு. கணினிதான் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

“ரெண்டு நாளா டீ குடிக்கல” என்றார் ஆல்டன். “பூனைகூட என்கிட்ட பேசறதை நிறுத்திடுச்சு.”

ஹெக்டர் எழுந்து பேசிலின் கதவைத் தட்டினார். “தம்பி, அந்த மருந்தை இவருக்குப் போட்டுடுங்க. நான் கெடுத்துக்கிட்டேன். இவர் சுத்தமா வந்திருக்காரு.”

“அதே மருந்துதான். அளவும் அதேதான்” என்றான் பேசில். “ஆனா பேரு உங்களுது.”

“அழிச்சிட்டு எழுதுங்க.”

“அதுக்கு மருந்துப் பெயர் மாற்றப் படிவம்னு ஒண்ணு இருக்கு. மூணு வேலை நாள் ஆகும்.”

“மருந்து எவ்வளவு நேரம் இருக்கும்?”

“சாயங்காலம் ஆனா வெறும் தண்ணி.”

இருந்தாலும் பேசில் மேலாளரை அழைத்தான். நாற்பது நிமிடம் காத்திருப்பு இசையைக் கேட்டான். பிறகு திருமதி ஸ்ட்ரிக்லண்டின் குரல் அறை முழுவதும் கேட்டது. “எனக்கும் மனசு கேக்கல பேசில். ஆனா இப்படி யோசிச்சுப் பாரு. இன்னைக்கு ஒருத்தருக்கு உதவினா, நாளைக்கு எல்லாருக்கும் உதவ வேண்டியிருக்கும்.”

பேசில் தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்து, இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் ஈயக் குடுவை, ஹெக்டரின் பெயரோடு, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது: குறைந்துகொண்டிருந்தது.

ஹெக்டர் ‘தயாரிப்பு மீறல்’ என்ற பிரிவுக்கு மாற்றப்பட்டார். அடுத்த தேதி ஜூனில் இருக்கலாம் என்றார்கள். பிப்ரவரியில் அவரால் விறகுக் குவியலிலிருந்து வீட்டுக்கு நடுவில் நிற்காமல் வர முடியவில்லை. இரண்டு இடங்களில் நின்றார். மோராக் அந்த இரண்டு இடங்களிலும் கவிழ்த்த வாளி ஒவ்வொன்றை வைத்தாள், அவர் உட்கார.

இருபத்துநாலாம் தேதி தொலைபேசி அடித்தது.

“ஆல்டன் பேசறேன். நாளன்னைக்குக் காலையில எட்டரைக்கு ஆஸ்பத்திரியில போய் உக்காரு. அதுவரைக்கும் டீயைத் தொடாத. சாக்லேட்டையும் தொடாத. வாசல்ல அந்தப் பெரியம்மா சிரிச்சா, குருடன் மாதிரி போயிடு.”

“அது உங்க தேதியாச்சே பெரியவரே.”

“என் காரு ஓடல.”

“நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“பெரிய ரோரி மகன் ஓட்டற வண்டியில நான் ஏறுவேனா? எங்கப்பா பட்டது போதும்.” ஆல்டன் கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீ அன்னைக்கு உன் மருந்தை எனக்குப் போடச் சொன்ன. அந்தக் கட்டடத்துல யாரும் எனக்கு எதையும் குடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை. போ. பேசாம போ.”

இருபத்தாறாம் தேதி எட்டரைக்கு ஹெக்டர் அந்த நாற்காலியில் இருந்தார். பேசில் வெளியே வந்து, “ஆல்டன் பூட்லியர்” என்று மூன்று முறை கூப்பிட்டான். விதிப்படி மூன்று முறை. பிறகு கணினியில் ஏதோ அடித்தான். பிறகு ஹெக்டரைப் பார்த்தான்.

“டீ குடிச்சீங்களா?”

“ரெண்டு நாளா இல்லை. யாரையாவது கடிக்கலாம் போல இருக்கு.”

“உள்ள வாங்க. சட்டையைக் கழட்டுங்க.”

மேசையில் மருந்துப் பெயர் மாற்றப் படிவம் இருந்தது. எல்லா முத்திரையும் பெற்று, மூன்று வேலை நாள் கடந்து, ஒழுங்காக இருந்தது. கீழே ஆல்டனின் கோணல் கையெழுத்து. போன வெள்ளிக்கிழமைத் தேதி. படிவத்தை நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. ஆல்டன் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போக ஐம்பது கிலோமீட்டர்.

“அப்ப அவரோட காரு ஓடுது” என்றார் ஹெக்டர்.

பேசில் படிவத்தைக் கோப்புக்குள் வைத்தான்.

“அவருக்கு வேற தேதி உண்டுதானே?”

“மருந்தை மாத்த முடியும். வருகையை மாத்த முடியாது. அவர் கணக்குல ‘வரவில்லை’ன்னுதான் விழும். பயிலரங்குக்குப் போகணும், அப்புறம் கடைசியிலேர்ந்து வரணும்.” ஊசியை எடுத்தான். “இதையும் அவர்கிட்ட சொன்னேன். தெரியும்னு சொன்னார்.”

படம் முடிந்ததும் பேசில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா இன்னைக்கு நீங்க வண்டி ஓட்ட வேண்டாம். வீட்டுலேர்ந்து யாரையாவது வரச் சொல்லுங்க.” அன்று மாலையே மருத்துவர் அழைத்தார். ஒன்பதாம் நாள் ஹாலிஃபாக்ஸில் ஹெக்டரின் நெஞ்சைத் திறந்து மூன்று ரத்தக் குழாய்களை மாற்றினார்கள். அந்தச் சர்ஜன் பேச்சு அதிகம் இல்லாதவர். “இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா” என்று தொடங்கி, மோராக் அறைக்குள் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வானொலியில் நண்பகல் செய்திக்குப் பிறகு மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஹெக்டர் தலையணையை நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். இருமினால் தையல் வலிக்கும். ஆல்டன் பூட்லியர், எழுபத்தொன்பது வயது, நேற்றுக் காலை திடீரென்று, என்று வாசித்தார்கள். ஃப்ளோரா கை துடைத்துக்கொண்டு வந்து வானொலியை அணைத்தாள்.

அடக்கத்துக்கு ஃப்ளோராதான் வண்டியோட்டினாள். அதன்பின் ஆலயக் கூடத்தில் முட்டை ரொட்டித் துண்டுகளும் தேநீரும் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி ஹெக்டரைக் கூப்பிட்டாள். ஆல்டனின் பக்கத்து வீட்டுக்காரி, எடித். சிறுநீரகம் வேலை செய்யாததால் வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவள்.

“நீங்கதானே பெரிய ரோரி மகன்? உங்களைப் பத்திச் சொல்வான். ஓட்டைப் படகுக்காரன் பிள்ளைன்னு.”

“அன்னைக்கு ஏன் பரிசோதனைக்குப் போகலைன்னு உங்ககிட்ட என்ன சொன்னார்?”

“ரோடு வழுக்குதுன்னான். வானம் கண்ணாடி மாதிரி இருந்துது.” அவள் கோப்பையைச் சுற்றினாள். “செத்தது என் வாசல்லதான். ஆஸ்பத்திரி வேன் ஏழு பத்துக்கு வரும். மூணு நிமிஷம் நிக்கும். என் நாற்காலி இறங்கற சரிவுப்பாதைல பனி இருந்தா டிரைவர் இறங்கக் கூடாது, அது விதி. ‘வரவில்லை’ன்னு எழுதிட்டுப் போயிடுவான். மூணு தடவை எழுதினா வேன் கிடையாது. பதினோரு வருஷமா நான் எழுந்திருக்கிறதுக்குள்ள ஆல்டன் வந்து அள்ளிப் போட்டுடுவான். ஏப்ரல்ல பனி பெய்யும்னு யாரு கண்டா. மண்வெட்டியைச் சுவத்துல சாத்தி வெச்சிட்டு, அது பக்கத்துல உக்காந்திருந்தான். பாதை சுத்தமா இருந்துது. என்னால அன்னைக்கு வேனுக்குப் போக முடிஞ்சுது.”

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். ஆல்டனின் தபாலை அவள்தான் வாங்கி வைத்திருந்தாள். மேலே சின்னத்தில் இலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வருகைப் பொறுப்புணர்வுப் பயிலரங்குக்கு ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி அவரை அழைத்திருந்தார்கள்.

மே மாதம் ஹெக்டர் மையத்துக்குப் போனார். ஆல்டனின் கோப்பிலிருந்து ‘வரவில்லை’ என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். இரண்டு இடத்தில் அது இருந்தது: பிப்ரவரி பரிசோதனைக்கு ஒன்று, ஏப்ரல் பயிலரங்குக்கு ஒன்று.

திருமதி ஸ்ட்ரிக்லண்ட் அவரை உட்காரவைத்து, தையல் எப்படியிருக்கிறது என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள்.

“இதை மாத்தணும்னா நோயாளியே நேர்ல வந்து கையெழுத்துப் போடணுங்க.”

“அவர் இறந்துட்டார்மா.”

“தெரியும். ரொம்ப வருத்தம். அதனாலதான் அவரைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. ‘இனி காத்திருக்கவில்லை’ன்னு ஒரு பிரிவு இருக்கு. அது நல்ல பிரிவு. பரிசோதனை முடிஞ்சவங்களும் அதுலதான் இருக்காங்க. நீங்களும்கூட.” திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். “பாருங்க, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல.”

ஹெக்டர் பார்த்தார். ‘மெக்லெல்லன், ஹெ. – இனி காத்திருக்கவில்லை. பூட்லியர், ஆ. – இனி காத்திருக்கவில்லை.’ அவருக்கு ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் பின்னால் சுவரில் கேடயம் தொங்கியது. அவள் மேசையில் யாருக்கோ சுற்றி வைத்த கேக் துண்டு இருந்தது. “நன்றிம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அந்த நன்றி நெடுநாள் அவர் வாயில் கசந்தது.

அந்த வருடம் முதல் கனத்த பனி டிசம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விழுந்தது. ஹெக்டர் ஐந்து மணிக்கு எழுந்தார். துறைமுகத்தில் பனிக்கட்டி கட்டிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோராவிடம் சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமல், “தொப்பியைப் போட்டுக்கோ” என்றாள்.

எடித்தின் வீட்டில் விளக்கு எரியவில்லை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தார். சரிவுப்பாதையில் முழங்கால் அளவு பனி. மருத்துவர் சொன்னபடி மண்வெட்டியில் பாதி மட்டும் அள்ளினார். பத்து முறை அள்ளியதும் நின்றார். மூச்சு சீராக இருந்தது. நெஞ்சுக்குள் அது அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். மறுபடி பத்து. கைப்பிடியிலிருந்து பனியைத் தட்டினார். சக்கரம் வழுக்காதபடி மணலைத் தூவினார். சாலை விளிம்பில் பனி ஒதுக்கும் வண்டி தள்ளிவிட்டுப்போன மேட்டை வெட்டி, ஒரு நாற்காலி அகலத்துக்கு வழி விட்டார். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது.

இந்தக் குளிர்காலத்தில் பனி அள்ளித் தருவதாகச் சொல்லியிருந்த ஆலயத்து இளைஞர்கள்தான் வந்துபோனார்கள் என்று எடித் நினைப்பாள். இளைஞர்கள் தங்களுக்குள் வேறொருவன் செய்திருப்பான் என்று நினைப்பார்கள்.

வளைவைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தார். ஏழு பத்துக்கு வேன் வந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்தான், இறங்கினான். எடித் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தானாகவே சக்கரத்தைத் தள்ளியபடி இறங்கிவந்தாள். கதவு மூடியது. ஹெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் ஆகியிருக்கவில்லை.

வேனின் சிவப்பு விளக்குகள் மறையும்வரை இருந்துவிட்டு, அவர் வண்டியைக் கிளப்பினார். வியாழக்கிழமையும் பனி பெய்யும் என்று வானொலியில் சொன்னார்கள்.